ணும், லாம், முடியும்: ஆங்கிலத் துணைவினைகளும் 'டு' வரும் இடமும்

போகணும், வரலாம், முடியாது, கூடாது, மாட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை நாம் பேசுகிற வாக்கியங்களில் இவை எதுவும் ஒட்டாதவை கொஞ்சம்தான். நடந்ததைச் சொல்ல வினைச்சொல் ஒன்றே போதும். நடக்க வேண்டியதை, நடக்கக்கூடியதை, நடக்கக் கூடாததை, நடந்திருக்க வேண்டியதைச் சொல்ல இந்தச் சின்னத் துணைகள் வேண்டும். விடுப்பு கேட்பது, கடனை மறுப்பது, அறிவுரை சொல்வது, எச்சரிப்பது, ஊகிப்பது எல்லாமே இவற்றை நம்பியிருக்கின்றன. அதனால்தான் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழர் முதல் வாரத்திலேயே இவற்றுக்கு ஈடான சொற்களைக் கேட்கிறார். கேன் என்றால் முடியும், மஸ்ட் என்றால் வேண்டும், மே என்றால் லாம் என்று ஒரு பட்டியலும் கிடைத்துவிடுகிறது. பட்டியல் மனப்பாடமாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் 'ஐ கேன் ஏபிள் டு கம்' என்றும் 'ஹி மஸ்ட் டு கோ' என்றும் வாக்கியம் தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றம் அந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கிறது என்பது என் முடிவு. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று ஜோடி கட்டிவிடுவதால், தமிழ் வாக்கியத்துக்குள் ஏற்கெனவே இருக்கிற நுட்பங்கள் கண்ணில் படாமல் போகின்றன. 'பூட்ட மறந்தேன்' என்பதற்கும் 'பூட்டியதை மறந்தேன்' என்பதற்கும் வேறுபாடு தெரியாத தமிழர் கிடையாது. 'வரக் கூடாது', 'வர வேண்டாம்', 'வர வேண்டியதில்லை' மூன்றும் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார். ஆங்கிலம் துணைவினைகளைக் கொண்டும் 'டு'வைக் கொண்டும் செய்கிற பாகுபாடுகளில் பெரும்பகுதி நம் காதில் முன்பே இருக்கிறது. அந்தக் காதை நம்பிக் கற்பிக்க முடியும்.

முதலில் வடிவம். ஆங்கில இலக்கண நூல்கள் மையமான துணைவினைகள் என்று ஒன்பதைக் கொள்கின்றன: கேன், குட், மே, மைட், ஷேல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஆட் டு, நீட், டேர், யூஸ்டு டு ஆகியவை ஓரத்தில் நிற்கின்றன. ஒன்பதும் மற்ற வினைகளைப்போல் நடப்பதில்லை. ஹி, ஷி முன்னால் வந்தாலும் இவற்றில் 'எஸ்' சேராது. 'இங்' சேராது. கேள்வி கேட்க டூ, டஸ், டிட் என்று வேறு துணையைக் கூப்பிட வேண்டாம். தாங்களே வாக்கியத்தின் முன்னால் போய் நிற்கும். இவற்றை அடுத்து வரும் வினை 'டு' இல்லாமல் வெறுமனே வரும். 'ஷி கேன் ஸ்விம்' என்பதில் இவ்வளவும் அடக்கம்.

இந்தத் தனிப்போக்குக்கு வரலாறு காரணம். பழைய ஆங்கிலத்தில் கேன் என்பதன் மூதாதை 'அறிந்திருத்தல்' என்ற பொருளுடைய முழு வினை. மே 'வலிமை பெற்றிருத்தல்'. ஷேல் 'கடன்பட்டிருத்தல்'. வில் 'விரும்புதல்'. அறிவிலிருந்து இயலுமை வந்தது. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்று நாம் சொல்வதும் அதே வழிதான். கடனிலிருந்து கட்டாயம் வந்தது, விருப்பத்திலிருந்து எதிர்காலம் வந்தது. இவற்றுள் கேன், மே, ஷேல் முதலானவற்றின் நிகழ்கால வடிவம் உண்மையில் அதற்கும் முந்தைய மொழிநிலையில் இறந்தகால வடிவம். இறந்தகாலத்தில் படர்க்கை ஒருமைக்குத் தனி விகுதி இல்லை. அதனால் இன்றைக்கும் 'ஹி கேன்ஸ்' கிடையாது. விதிவிலக்கு என்று பள்ளியில் சொல்லிக் கடந்துபோகிற ஒன்று, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையின் மிச்சம்.

தமிழும் இங்கே ஒத்துவருவதைக் கவனிக்க வேண்டும். நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். வேண்டும், முடியும், கூடும், லாம் எதுவும் ஆளுக்கேற்ப மாறுவதில்லை. மாட்டு மட்டுமே மாட்டேன், மாட்டாய், மாட்டாள் என்று விகுதி ஏற்கிறது. ஈழத்து வழக்கில் முடியும் என்பதற்கு நிகராக வரும் 'ஏலும்', 'ஏலாது' என்பனவும் ஆளுக்கேற்ப மாறாதவையே. துணைவினை ஆளுக்கு ஏற்ப வளையாது என்ற செய்தியைத் தமிழ் மாணவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சுட்டிக் காட்டினால் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. தமிழ் ஒரு துணையின்மேல் இன்னொன்றை ஏற்ற அனுமதிக்கிறது. 'நாளைக்குப் போக வேண்டியிருக்கலாம்', 'உன்னால் சொந்தக் காலில் நிற்க முடிய வேண்டும்' என்று சொல்கிறோம். பொது ஆங்கிலத்தில் இரண்டு மையத் துணைவினைகள் அடுத்தடுத்து வர முடியாது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் 'மைட் குட்' போன்ற இரட்டைகள் பேச்சில் உண்டு. எழுத்திலும் தேர்விலும் அவற்றுக்கு இடமில்லை. இந்தத் தடையைத் தாண்டத்தான் ஹேவ் டு, பி ஏபிள் டு, நீட் டு போன்றவை இருக்கின்றன. 'ஐ மே ஹேவ் டு கோ', 'யூ மஸ்ட் பி ஏபிள் டு ரீட் இட்'. துணைவினை நுழைய முடியாத இடத்தில் இவை நுழையும். ஏபிள் டு என்பது கேன் என்பதன் பதிலாள் என்று தெரிந்துவிட்டால், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிற 'கேன் ஏபிள் டு' தானாக விலகும். இந்த ஒரு விளக்கத்தை வகுப்பறைகள் தராமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிற செய்தி. தவறு என்று சிவப்பு மையில் சுழிப்பதற்கு ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும்.

இனி 'டு'. பழைய ஆங்கிலத்தில் வினையின் எச்ச வடிவம் இரண்டு. 'அன்' என்று முடியும் வெற்று வடிவம் ஒன்று. 'டோ' என்ற சொல் முன்னால் வர, நான்காம் வேற்றுமை உருபேற்று முடியும் வடிவம் இன்னொன்று. இரண்டாவதன் தொடக்க வேலை நோக்கத்தைச் சொல்வது. அதாவது, செய்வதற்கு. நம் இலக்கணத்தில் இதற்கு நேர் இணை உண்டு. தொல்காப்பியம் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணும்போது 'செய' என்பதையும் 'செயற்கு' என்பதையும் தனித்தனியே வைக்கிறது. குவ்வுருபு ஏறிய எச்சம் நோக்கத்தைச் சொல்லும் என்பது இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டடைந்த வழி. 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஆங்கிலத்தில் சொல்லிறுதி உருபுகள் தேய்ந்தன. 'அன்' மறைந்தது. எச்சம் என்று காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டபோது 'டு' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நோக்கம் அல்லாத இடங்களுக்கும் பரவியது. கேன், மே, ஷேல், வில் ஆகியவை அதற்கு முன்பே வெற்று எச்சத்தோடு இறுகிப்போயிருந்ததால் அவற்றின் அருகே 'டு' நெருங்கவில்லை. 'ஹி மஸ்ட் டு கோ' ஏன் பிழை என்பதற்கு உண்மையான விடை இதுவே.

தமிழ் மாணவர் இங்கே தடுமாறுவதற்கும் நியாயம் இருக்கிறது. நம்முடைய 'செய' எச்சம் இரண்டு வேலையையும் பார்க்கிறது. 'போக முடியும்' என்பதிலும் 'போக விரும்பினான்' என்பதிலும் ஒரே 'போக'. முதலாவது ஆங்கிலத்தில் 'கேன் கோ', இரண்டாவது 'வான்டட் டு கோ'. எந்த இடத்தில் 'டு' என்று எச்சத்தைப் பார்த்தால் தெரியாது. அதற்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். அந்தச் சொல் ஆளுக்கேற்ப விகுதி மாறாத வேண்டும், முடியும், கூடும், லாம் என்றிருந்தால் பெரும்பாலும் துணைவினை. அங்கே 'டு' இல்லை. விகுதி மாறும் முழு வினையாக இருந்தால் 'டு' உண்டு. வாங்கப் போனேன், பேச முயன்றாள், உதவ ஒப்புக்கொண்டார், சொல்ல மறந்தோம், எழுதத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் 'டு' பொருந்தும். 'கேட்கப் பார்த்தான்' என்றால் 'ஹி ட்ரைட் டு ஆஸ்க்'. அச்சிட்ட பாடநூல் எதிலும் இந்த வழிகாட்டியை நான் கண்டதில்லை. ஆனால் தமிழ் பேசுபவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான ஒன்று தோன்றவில்லை.

விலக்குகளும் உண்டு, அவை சிலவே. மாட்டேன் விகுதி ஏற்றாலும் 'வோன்ட்' என்ற துணைவினையாகத்தான் போகும். காத்திருக்க வைத்தார், போக விட்டார் என்ற இரண்டும் முழு வினைகளாக இருந்தும் ஆங்கிலத்தில் மேக், லெட் ஆகியவை 'டு' இல்லாமல் வருகின்றன: 'ஹி மேட் மீ வெய்ட்', 'ஷி லெட் அஸ் கோ'. அதே மேக் செயப்பாட்டு வினையானதும் 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெய்ட்'. ஹெல்ப் இரண்டு விதமாகவும் வரும். சீ, ஹியர் முதலான புலன் வினைகளுக்கு 'டு' ஆகாது. சஜெஸ்ட் தனிக் கதை. டெல், ஆஸ்க் போல நினைத்து 'ஹி சஜெஸ்டட் மீ டு கோ' என்று எழுதுவது நம் அலுவலகக் கடிதங்களில் மிகப் பரவலான பிழை. 'ஹி சஜெஸ்டட் தட் ஐ கோ' என்பதே சரி.

வேண்டும் என்ற ஒற்றைச் சொல்லில்தான் இந்தப் பொருளின் பெரிய சிக்கல் குடியிருக்கிறது. மஸ்ட், ஹேவ் டு, ஷுட், ஆட் டு, நீட் டு, வான்ட் டு, சப்போஸ்டு டு ஆகிய அத்தனையும் தமிழில் 'ணும்' ஒன்றாலேயே நடந்துவிடுகின்றன. மருத்துவர் 'நீங்க உப்பைக் குறைக்கணும்' என்கிறார். அது 'மஸ்ட்' ஆனால் அவருடைய கண்டிப்பு, 'ஷுட்' ஆனால் அறிவுரை, 'நீட் டு' ஆனால் உங்கள் உடலின் தேவை. நோயாளி வீட்டுக்கு வந்து, 'ஐ ஹேவ் டு கட் டவுன் ஆன் சால்ட்' என்பார். கட்டாயம் வெளியிலிருந்து வந்தது என்று அந்த 'ஹேவ் டு' சொல்கிறது. மஸ்ட் பேசுகிறவரின் சொந்த அதிகாரத்திலோ உறுதியிலோ பிறப்பது, ஹேவ் டு சூழ்நிலையிலோ விதியிலோ பிறப்பது என்ற பாகுபாடு எல்லா இடத்திலும் கறாராகப் பொருந்தாது. ஆனாலும் தொடங்குபவருக்கு அது போதுமான துணை.

தமிழில் இந்த வேறுபாடு இல்லவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 'போகணும்' என்பதோடு 'போக வேண்டியிருக்கு' என்றும் நாம் சொல்கிறோம். சலிப்போ, வேறு வழியின்மையோ, வெளியிலிருந்து வரும் நெருக்கடியோ இரண்டாவதில் தொனிக்கும். அந்த 'வேண்டியிருக்கு'தான் ஹேவ் டு. 'போகணும்போல இருக்கு' என்றால் ஃபீல் லைக் கோயிங். 'எனக்கு டீ வேணும்' என்றால் வான்ட். பட்டியலில் 'வேண்டும்' என்று ஒற்றை வரியாக எழுதாமல் இந்த முழு வாக்கியங்களை எழுதிவைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதிர்மறைக்குப் போனால் நம் கை இன்னும் ஓங்குகிறது. மஸ்ட், ஹேவ் டு இரண்டும் நேர்வாக்கியத்தில் அருகருகே நிற்பவை. எதிர்மறையில் எதிரெதிர்த் திசைக்குப் போகின்றன. 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக் கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வர வேண்டியதில்லை, வந்தால் தடையும் இல்லை. கூடாது, வேண்டியதில்லை என்று தமிழ் தனித்தனிச் சொல்லாகவே வைத்திருப்பதால் நமக்கு இது கற்பதற்கு எளிது. இருந்தும் 'ஹேவ் டு என்றால் மஸ்ட்' என்று முதலில் படித்ததை எதிர்மறைக்கும் நீட்டிவிடுவதால் பிழை வருகிறது. மருந்துச் சீட்டிலோ இயந்திரத்தின் பக்கத்திலோ இந்தப் பிழை நேர்ந்தால் அது இலக்கணத்தோடு நிற்காது. பிரிட்டனின் சாலை விதிக் கையேடு இதை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்றால், சட்டப்படிக் கட்டாயமான விதிகளுக்கு மஸ்ட், மஸ்ட் நாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, அறிவுரையாக இருப்பவற்றுக்கு ஷுட் என்று எழுதுகிறது. முதலாவதை மீறினால் குற்றம். இரண்டாவதை மீறியதற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் விபத்து வழக்கில் அதைச் சான்றாகக் காட்டலாம்.

சட்டத்தின் எழுத்தில் ஷேல் என்ற சொல்லுக்கு நீண்ட ஆட்சி. இந்திய அரசமைப்பின் ஆங்கில மூலம் முழுக்க ஷேல், மே இரண்டும் நிறைந்திருக்கின்றன: ஒன்று கட்டளைக்கு, ஒன்று அதிகாரம் அளிப்பதற்கு. ஆனால் எழுத்து அப்படிச் சொன்னாலும் நீதிமன்றம் பொருளைச் சூழலோடு வைத்துப் பார்க்கிறது. 1957இல் உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில், 320ஆவது பிரிவில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றி வரும் 'ஷேல்' வழிகாட்டுவது மட்டுமே, மீறினால் அரசின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு துணைவினை ஒருவருடைய வேலையையே தீர்மானிக்கும் இடம் அது. ஷேல் கட்டளையா, எதிர்காலமா, வழிகாட்டலா என்ற மயக்கம் தீராததால் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் புதுநடையில் எழுதியபோது ஷேல் என்பதை நீக்கி, பெரும்பாலும் மஸ்ட் என்று மாற்றினார்கள்.

அன்றாடப் பேச்சில் ஷேல் பற்றி நாம் படித்த விதி இன்னும் பழையது. ஐ, வீ வந்தால் ஷேல், மற்றவற்றுக்கு வில் என்று 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம் சொன்னது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் பாடநூல் வழியாக அது இந்தியப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று பேச்சில் 'ஷேல் ஐ ஓபன் த விண்டோ?', 'ஷேல் வீ கோ?' என்ற இரண்டு வகைக் கேள்விகளுக்குத்தான் அது பெரும்பாலும் வேண்டியிருக்கிறது. 'திறக்கட்டுமா?', 'போகலாமா?' என்ற நம் சொற்களுக்கு அவை நேர். மற்ற இடமெல்லாம் வில்.

எதிர்காலத்துக்கு இன்னொரு வழியாகிய 'கோயிங் டு', தமிழருக்கு விளக்கமே தேவைப்படாதது. 'மழை பெய்யப் போகுது' என்று நாம் சொல்வதை ஆங்கிலமும் அப்படியே போதல் வினையை வைத்துச் சொல்கிறது. ஒன்றைச் செய்வதற்காக நடந்து போகிறவர் விரைவில் அதைச் செய்வார் என்ற அனுபவத்திலிருந்து, நடையே இல்லாத இடத்திலும் போதல் எதிர்காலமானது. ஆங்கிலத்தில் இந்த வழக்கு 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நன்றாக ஊன்றிவிட்டது. கண்ணெதிரே அறிகுறி தெரியும்போதும் முன்பே தீர்மானித்துவிட்டபோதும் கோயிங் டு. அந்த நொடியில் முடிவெடுத்துச் சொல்வதற்கு வில். தொலைபேசி மணி அடித்ததும் 'நான் எடுக்கிறேன்' என்பது 'ஐல் கெட் இட்'. அங்கே தமிழ் நிகழ்காலத்தில் பேசுவதால் 'ஐ ஆம் டேக்கிங்' என்று நம் வாயில் வந்துவிடுகிறது.

இறந்தகாலத்தில் இரண்டு இடங்களை நின்று பார்க்க வேண்டும். 'முடிந்தது' என்பதற்கு எல்லோரும் 'குட்' என்று போடுகிறார்கள். 'சின்ன வயதில் மரம் ஏற முடியும்' என்ற பொதுத் திறமைக்கு அது பொருந்தும். 'நேற்றுக் கூட்டத்திலும் டிக்கெட் வாங்க முடிந்தது' என்ற ஒரு தடவை நடந்த செயலுக்கு 'ஐ குட் பை எ டிக்கெட்' ஒத்துவராது. 'ஐ வாஸ் ஏபிள் டு பை' அல்லது 'ஐ மேனேஜ்டு டு பை' என்றே சொல்ல வேண்டும். எதிர்மறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. முடியவில்லை என்றால் எங்கும் 'குடன்ட்' போதும்.

இன்னொன்று, 'வந்திருக்க வேண்டும்'. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு 'அண்ணன் வந்திருக்கணும்' என்றால் அது ஊகம். கல்யாணத்துக்கு வராத அண்ணனைப் பற்றி 'அண்ணன் வந்திருக்கணும்' என்றால் அது மனக்குறை. தமிழில் இரண்டும் ஒரே சொல். குரலும் சூழலும் பொருளைப் பிரிக்கின்றன. ஆங்கிலத்தில் முதலாவது 'மஸ்ட் ஹேவ் கம்', இரண்டாவது 'ஷுட் ஹேவ் கம்'. இதை மாற்றிச் சொன்னால் கேட்பவருக்குக் கதையே தலைகீழாகிவிடும்: வராதவர் வந்தவராகிவிடுவார். 'வந்திருக்கலாம்' என்பதும் அப்படியே. 'வந்திருக்கலாம், தெரியவில்லை' என்றால் 'மே ஹேவ் கம்'. 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்ற ஆதங்கம் 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ'. துணைவினைகளின் மிக மென்மையான பகுதி இது. உறவுகளுக்குள் நாம் அதிகம் பேசுவதும் இந்த நடக்காதவற்றைப் பற்றித்தான். ஆனால் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

மரியாதைக்கும் துணைவினைக்கும் உள்ள உறவு அதேயளவு முக்கியமானது. தமிழில் நீங்கள் என்ற சொல்லும் 'ங்க' என்ற ஒட்டும் மரியாதையைச் சுமக்கின்றன. 'இங்க கையெழுத்துப் போடணுங்க' என்று அலுவலர் சொல்வதில் கடுமை துளியும் இல்லை. அதை 'யூ மஸ்ட் சைன் ஹியர்' என்று மாற்றும்போது 'ங்க' காணாமல் போய், கட்டாயம் மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்தில் தௌ, யூ என்று இருந்த வேறுபாடு பொதுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டதால், மரியாதை துணைவினையின் இறந்தகால வடிவத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. கேன் யூ என்பதைவிட குட் யூ பணிவு. வில் யூ என்பதைவிட வுட் யூ பணிவு. காலத்தில் விலகி நிற்பது ஆளிடமிருந்தும் சற்று விலகி நின்று இடம்கொடுப்பதாகிறது. ஆக, 'ங்க' என்று மனதில் வந்தால் ஆங்கிலத்தில் குட் அல்லது வுட் என்று கொள்ளலாம். 'குட் யூ ப்ளீஸ் சைன் ஹியர்?' என்பது அந்த அலுவலர் உண்மையில் பேசிய தொனி. வீட்டு விசேஷத்துக்கு 'அவசியம் வரணும்' என்று அழைக்கும்போது மட்டும் 'யூ மஸ்ட் கம்' அன்பாகவே ஒலிக்கும். நன்மை கேட்பவருக்குத்தான் என்பதால் அங்கே கட்டாயம் உரிமையாகிவிடுகிறது. 'ஹேட் பெட்டர்' எதிர்த்திசையில் ஏமாற்றும். 'செய்தால் நல்லது' என்று நாம் படிக்கிறோம். கேட்பவர் காதில் 'செய்யாவிட்டால் பார்' என்று விழும். மேலதிகாரியிடம் அதைச் சொல்லக் கூடாது.

பணிவுக்காக வுட் என்று கற்றது அளவுமீறி, 'ஐ வுட் பி கமிங் டுமாரோ' என்று உறுதியான செய்திக்கும் வுட் போடுவது இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கேட்கிற வெளிநாட்டவர் 'வந்திருப்பேன், ஆனால்...' என்று ஏதோ தொடரப்போகிறது எனக் காத்திருப்பார். வருவது உறுதி என்றால் வில் போதும். வுட் என்பதற்கு நமக்கு நன்கு புரியக்கூடிய வேறோர் இடம் உண்டு. 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஆற்றில்தான் குளிப்போம்' என்று எதிர்கால விகுதியை வைத்துப் பழைய வழக்கத்தைச் சொல்கிறோம் அல்லவா? ஆங்கிலமும் அதையே செய்கிறது: 'வீ வுட் பேத் இன் த ரிவர்'. யூஸ்டு டு என்றும் சொல்லலாம். ஆனால் 'அங்கே ஒரு கிணறு இருந்தது' போன்ற நிலைகளுக்கு வுட் ஆகாது, யூஸ்டு டு மட்டும்தான்.

'டு' வருமா, 'இங்' வருமா என்ற கேள்விக்கு வருவோம். மாணவர்கள் இதைப் பட்டியலாக உருப்போடுகிறார்கள். தொடக்கத்தில் சொன்ன பூட்டு உதாரணம் இங்கே கைகொடுக்கும். 'பூட்ட மறந்தேன்' என்றால் 'ஐ ஃபர்காட் டு லாக்'; 'பூட்டியதை மறந்தேன்' என்றால் 'ஐ ஃபர்காட் லாக்கிங்'. 'புகைக்க நின்றான்' என்றால் 'ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்'. 'புகைப்பதை நிறுத்தினான்' என்றால் 'ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்'. இனிச் செய்ய இருப்பதற்குச் செய எச்சமும் 'டு'வும். செய்துவிட்டதற்கு அல்லது செய்துகொண்டிருப்பதற்கு ஐகார உருபேற்ற பெயரும் 'இங்'கும். 'டு' தோன்றியபோது அதற்கு இருந்த 'நோக்கி' என்ற பொருள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் ஆகியவற்றுக்குப் பின் 'இங்' வருவதையும் 'படிப்பதை ரசிக்கிறேன்', 'போவதைத் தவிர்த்தேன்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் காதே காட்டிக்கொடுக்கும். எல்லா வினைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்; அடிக்கடி வரும் வினைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிறது.

'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்ற கடித முடிவு இந்த இடத்தில் திருத்தப்பட வேண்டியது. அங்கே உள்ள 'டு' எச்சத்தின் அடையாளம் அல்ல, சந்திப்பு என்ற பெயரை ஏற்கும் வேற்றுமைச் சொல். ஆகவே 'டு மீட்டிங் யூ'. 'ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அர்லி' என்பதும் அதே வகை. பள்ளியில் நிறையப் பயிற்சி கொடுக்கப்படும் 'டூ டயர்டு டு வாக்' பற்றி ஒன்று: தமிழில் 'நடக்க முடியாத அளவுக்குக் களைப்பு' என்று எதிர்மறையை வெளிப்படையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த எதிர்மறை முன்னால் உள்ள 'டூ'வுக்குள்ளேயே அடங்கிவிட்டது. 'வெரி டயர்டு டு வாக்' என்று எழுதினால் அது தொலைந்துபோகும்.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரக் கூடாது என்ற தடையைப் பற்றி நீண்ட சண்டை நடந்திருக்கிறது. ஆங்கில வழக்கு பற்றி எழுதிய ஹென்றி ஆல்ஃபர்ட் 1864இல் அப்படி நடுவில் சொல் வைப்பதைக் கண்டித்தார். 1926இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு நூலில் அந்தப் பயம் தேவையற்றது என்று விரிவாக எழுதினார். அன்றாட ஆங்கிலம் பேசுபவர் இதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம்.

செலவிட வேண்டிய இடம் வேறு. 1961இல் அச்சான பிரிட்டிஷ் எழுத்துகளிலிருந்து தொகுத்த பத்து லட்சம் சொற்களையும் அதே முறையில் 1991க்குத் தொகுத்த பத்து லட்சம் சொற்களையும் மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் ஒப்பிட்டார். மையத் துணைவினைகளின் மொத்தப் பயன்பாடு ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைந்திருந்தது. ஷேல், ஆட் டு இரண்டும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்தன. மஸ்ட் முப்பதை ஒட்டிச் சரிந்தது. கேன், குட், வில் பெரிதாக அசையவில்லை. மறுபக்கம் நீட் டு, வான்ட் டு போன்றவை கூடின. எழுத்து பேச்சை நெருங்கி வருவதும், அமெரிக்க வழக்கின் செல்வாக்கும், அதிகாரத் தொனியை மக்கள் தவிர்ப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நம் பாடநூல்களோ இன்னும் ஷேல், ஆட் டு, டேர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பயிற்சி வைக்கின்றன. கேன், குட், வில், வுட், ஷுட், ஹேவ் டு, நீட் டு, கோயிங் டு ஆகிய எட்டையும் அவற்றின் எதிர்மறை, கேள்வி, இறந்தகால வடிவங்களோடு முதல் ஆண்டில் முழுமையாகத் தந்துவிட வேண்டும். மே, மைட், மஸ்ட் பின்னால் வரலாம். மற்றவை படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

அதோடு, இவற்றை எழுத்தில் பார்ப்பதுபோல் காதில் கேட்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'ஹேவ் டு' பேச்சில் 'ஹேஃப்டு' ஆகிறது. 'கோயிங் டு' அமெரிக்கப் பேச்சில் 'கொன' ஆகச் சுருங்குகிறது. 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' என்று ஒலிப்பதால் ஆங்கிலேயர் குழந்தைகளே அதை 'ஷுட் ஆஃப்' என்று தப்பாக எழுதுகிறார்கள். வாக்கியத்தின் நடுவே கேன் அழுத்தமின்றி 'கன்' என்று தேய்ந்து ஒலிக்கும். 'கான்ட்' அழுத்தம் பெறும், ஆனால் அதன் கடைசி 'ட்' பெரும்பாலும் கேட்காது. அமெரிக்கரோடு தொலைபேசியில் பேசுபவர் அந்த 'ட்'டைத் தேடாமல் அழுத்தத்தைக் கேட்க வேண்டும். நாம் பேசும்போது மறுப்பு தெளிவாகப் போய்ச்சேர வேண்டுமானால் 'கேனாட்' என்று முழுச் சொல்லாகச் சொல்லிவிடலாம்.